தொடாமல் வளர்த்த நாய்

நாயை யாரும் தொடக் கூடாது என்பது அக்காவின் கணவர், என் மாமா, போட்ட சட்டம். விற்றவன் சொல்லி அனுப்பியது அது. குட்டியை நேரே ஆட்டுப் பட்டிக்குள் விடு, ஆட்டோடு ஆடாக வளரட்டும், மனிதக் கை பட்டால் காவல் கெட்டுவிடும். மாமா அப்படியே பிடித்துக்கொண்டார். வேலிக்கு வெளியே நின்று சோற்றுத் தட்டை உள்ளே தள்ளுவார். அதோடு சரி. பெயர்கூட வைக்கவில்லை.

"தடவிக் குடுத்தா என்ன கொறஞ்சுடும்?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள்.

"நாளைக்கே வந்து உன் கட்டில்ல ஏறிப் படுத்துக்கும்."

"உங்களையும் உங்கம்மா இப்படித்தான் தொடாம வளத்தாங்களா?"

நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை.

நாய் கன்றுக்குட்டி உயரத்துக்கு வளர்ந்தது. ஆடு தூக்க ஓநாய்கள் வருவது நின்றது. பால் வண்டிக்காரரும் உள்ளே வராமல் வாசலில் நின்றே ஹார்ன் அடிக்கப் பழகிக்கொண்டார். மாமாவுக்கு அதுவும் பெருமைதான்.

மாமா சந்தைக்குப் போயிருந்த ஒரு காலை, ஆட்டுக்குட்டி ஒன்று வேலிக் கம்பியில் கால் சிக்கிக் கத்தியது. அக்கா பட்டிக்குள் போய் அதை விடுவித்துத் தூக்கினாள். குட்டி இன்னும் பலமாகக் கத்தியது. நாய் அவள் கையைக் கவ்வியது. நான் மண்வெட்டியோடு ஓடி வருவதற்குள் குட்டி அவள் பிடியிலிருந்து விழுந்துவிட்டது. அது விழுந்த உடனே நாயும் கையை விட்டது. குட்டியை நக்கத் தொடங்கியது.

நரம்பு அறுந்துவிட்டது, விரல்கள் இனி மடங்காது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"அது மேல தப்பில்ல," என்றார் மாமா, கட்டில் பக்கத்தில் நின்று. "யாரோ குட்டியத் தூக்குறாங்கன்னு நெனச்சிருக்கு."

"யாரோ," என்றாள் அக்கா. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "அது இருக்கற எடத்துக்கு நான் வரமாட்டேன்."

நாயைக் கொல்வதற்குக் கால்நடை டாக்டரம்மா ஊசியோடு வந்தார்.

"புடிச்சுக்கோங்க."

மாமா நகரவில்லை. "இதுவரைக்கும் தொட்டதில்லங்க."

டாக்டரம்மா அவரையே பார்த்தார். "காவல் நாயும் குட்டியிலேயே மனுஷங்களோட பழகணும்ங்க. வீட்டு ஆளு யாரு, திருடன் யாருன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

கடைசியில் சோற்றில் மயக்க மருந்து கலந்தோம். மாமா வழக்கம்போலத் தட்டைத் தள்ளினார். நாய் தின்றுவிட்டுத் தள்ளாடி நடந்து ஆடுகளுக்கு நடுவே போய்ப் படுத்தது. ஊசி போட்டபோது பக்கத்தில் படுத்திருந்த ஆடுகள் எழுந்திருக்கக்கூட இல்லை.

அக்கா வீட்டுக்கு வந்தாள். அந்த வாரமே மாமா வண்டியிலிருந்து ஒரு சாக்கை இறக்கினார். சாக்கு நெளிந்தது. வேலிக்கு மேலே தூக்கி வாயை அவிழ்த்து உள்ளே கவிழ்த்தார். ஒரு நாய்க்குட்டி விழுந்து உருண்டது.

அக்கா ஜன்னலில் நின்றிருந்தாள். "மறுபடியும் தொடாமத்தானா?"

"இது வேற ரகம். சாதுவாம்."

"யாரு சொன்னா?"

"வித்தவன்தான். அதே ஆளு."

அவள் உள்ளே போய் ஒரு பையில் துணிகளைத் திணித்தாள். ஒற்றைக் கையால் ஜிப்பை இழுக்க முடியவில்லை; பை நழுவிக்கொண்டே போனது. நான் பிடித்து மூடிக் கொடுத்தேன்.

வெளியே குட்டி ஊளையிட்டது.

"யாரும் அந்தப் பக்கம் போகாதீங்க," என்றார் மாமா.