உரிமம் இல்லாத குரல்

1

இந்தக் கதை ஒரு வரியால் வந்தது. நான் எழுதிய வரி அல்ல, என் நண்பன் சங்ஹோ எழுதியது. "இதை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம்." படித்தபோது எனக்கு நல்ல வரியாகவே பட்டது.

[இங்கே தென்கொரியாவின் பூசான் துறைமுகத்தை வர்ணித்து ஒரு பத்தி இருந்தது. வெட்டிவிட்டேன். அங்கே மூட்டை தூக்கியவன் மகனுக்கு அது அழகாக எழுத வரவில்லை.]

2

நிரல் எழுத நாங்கள் புழங்கும் திறமூல உரைத்தொகுப்பான் (எடிட்டர்) ஒன்று உண்டு. அதில் பொருத்திக்கொள்ளப் பலர் எழுதித் தரும் செருகுநிரல்களை (பிளகின்) சரிபார்த்து, எல்லோரும் இறக்கிக்கொள்ளும் களஞ்சியத்தில் ஏற்றுகிறவன் சங்ஹோ. சம்பளம் கிடையாது. உரிமம், அதாவது யார் பயன்படுத்தலாம் என்ற அனுமதி வரி, எழுதாத நிரலை ஏற்றக் கூடாது என்பது விதி. உரிமம் எழுதாவிட்டால் ஊருக்கே சொந்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. சட்டம் நேர்மாறு: உடையவர் தவிர யாரும் தொடக் கூடாது.

மெங் யோன்ஹிக்குக் கப்பல் கட்டும் தளத்தில் பெயின்ட் தொட்டி வெடித்துக் கண் போனது. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஒரு செருகுநிரலை நம்பித்தான் இப்போது நிரலெழுதிப் பிழைக்கிறாள். அவளுக்காகவே அதை எழுதியவர், அதே தளத்து ஊழியர் ஓக் ஜொங்டு. அதில் உரிமம் இல்லை. கேட்டு அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு அவர் பதில் போடவில்லை. களஞ்சியத்தில் இல்லாத நிரல் உரைத்தொகுப்பானின் அடுத்த பதிப்பில் ஓடாமல் போய்விடுமே என்று, சங்ஹோ அவர் பெயரில் தானே உரிமம் எழுதி ஏற்றிவிட்டான்.

3

கதவைத் தள்ளிக்கொண்டு அந்தக் கொடியவன் உள்ளே

இல்லை. ஜொங்டுவை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. மதியம், பன்றிக்கறிச் சூப்புக் கடை. சங்ஹோ, யோன்ஹி, நான், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார்.

"எந்த மடையன்டா என் பேருல உரிமம் எழுதினது?"

"நான்தாண்ணே. யோன்ஹி அக்காவுக்காக…"

"நானும் அவளுக்காகத்தான்டா எழுதாம விட்டேன்! அந்த நிரல் தளத்து ஆபீஸ்ல, தளத்துக் கம்ப்யூட்டர்ல, வேலை நேரத்துல எழுதினது. அது கம்பெனி சொத்து. இத்தனை நாளா எவன் கண்ணுலயும் படல. நீ என் பேரைப் போட்டு ஊருக்கே காட்டிட்ட. வக்கீல் நோட்டீஸ் வந்திருச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கணும். அப்புறம் எவனும் அதைத் திருத்தவும் கூடாது."

 

யோன்ஹி கரண்டியைக் கீழே வைத்தாள். "கண்ணை எடுத்துக்கிட்டானுங்க. எனக்குப் படிச்சுச் சொல்ற குரலும் அவனுங்களுதா?"

ஜொங்டு தலைக்கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார்.

(இதற்குக் கீழே நான் எழுதிப் பார்த்த எதுவும் நிற்கவில்லை. யோன்ஹியே என் பக்கம் திரும்பினாள்: "எழுத்தாளரே, இதுல என்னை அழ வெச்சீங்கன்னா சூப்பைத் தலையில ஊத்திருவேன்.")

4

முடிவு ஒன்று: கம்பெனி மனம் இரங்குகிறது. துறைமுகத்தை ஒட்டிய அந்தத் தளத்து வாசலில் வளர்ந்தவன் நான்; அது நடக்காது என்று தெரியும். அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சங்ஹோ எடுக்க மறுக்கிறான். களஞ்சியம் முழுவதையும் முடக்குகிறார்கள்.

மூன்றாவதை ஜொங்டு சொன்னார். அந்த நிரலைக் கண்ணால் பார்க்காத ஒருவர் புதிதாக எழுதினால் அது கம்பெனியுடையது ஆகாது. ஆனால் அந்த மேசையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்திருந்தோம், யோன்ஹி கேட்டிருந்தாள். எங்கள் கை பட்டால் நகல் என்பார்கள்.

இதைப் படிக்கிற நீங்கள் பார்க்கவில்லை. அதற்காகத்தான் இந்தக் கதையில் நிரல் ஒரு வரிகூட வைக்கவில்லை. புதிய நிரல் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒவ்வொரு வரியையும் வாசிக்க வேண்டும். வரி ஓரத்திலிருந்து உள்தள்ளியிருந்தால் குரல் தணிய வேண்டும். அடைப்புக்குறி மூடாமல் கிடந்தால் ஒரு தட்டல் ஒலி. மெதுவாக வாசித்தால் யோன்ஹி திட்டுவாள்.

உரிமத்தை முதலிலேயே எழுதிவிடுங்கள், உங்கள் பெயரில். முதலாளியின் கணினியில் மட்டும் உட்காராதீர்கள்.