பழத்தட்டு வந்துவிட்டது

...அந்த முடி இன்னும் அங்கேயேதான் இருந்தது, குளியல் தொட்டியின் வெள்ளைச் சுவரில், குழாய்க்குச் சற்றுக் கீழே, நீளமாக, ஈரத்தில் ஒட்டிக்கொண்டு, யாருடையதோ என்ன கண்றாவியோ, சீ. இத்தனை பெரிய தொட்டியைக் கொடுத்திருக்கிறார்களே, ஒரு நாளாவது சுடுதண்ணீரில் சாய்ந்து கிடப்போம் என்று காலையில் ஆசை ஆசையாக ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தவள், அதைப் பார்த்ததும் வைத்த காலை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். கீழே வரவேற்பு மேசைக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். "குளியல் தொட்டியில முடி இருந்ததுன்னு சொல்றீங்க. உங்களுக்கு எவ்வளவு சங்கடமா இருந்திருக்கும்னு எனக்குப் புரியுது மேடம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள், அந்த வாக்கியமே இவளுடையது, நேற்று இதே ஓட்டலின் கீழ்த்தளத்து அறையில் இதே பெண்ணுக்கு இவளே சொல்லிக் கொடுத்தது. ஊர் ஊராகப் போய் இந்த மாதிரிப் பெரிய ஓட்டல்களில், புகார் சொல்கிற விருந்தினரிடம் எப்படிப் பேசுவது என்று வகுப்பெடுப்பதுதான் இவள் பிழைப்பு. அவர் சொன்னதை அவரிடமே திருப்பிச் சொல், குரலைத் தாழ்த்து, கையில் ஏதாவது கொடு. அவ்வளவுதான் பாடம், இதற்குத்தான் விமானச் சீட்டும் இந்த அறையும். போனை வைத்த சூட்டோடு கதவு மணி அடித்தது, வெள்ளைத் துணி போர்த்திய பழத்தட்டு வந்தது, அதைக் கொண்டுவந்தவன் குனிந்து சிரித்துவிட்டுப் போனான். முடியை எடுக்க மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

வருவார்கள், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் எடுத்திருப்பார்கள் என்று கீழே இறங்கினாள். லிஃப்டுக்குள்ளேயே அந்த வாசனை, பூவுமில்லை பழமுமில்லை, சுவரில் எங்கோ ஓட்டை வைத்து ஊதுகிறார்கள் போலிருக்கிறது, எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் இதே வாசனைதான், எதையோ மூடி மறைக்கிற வாசனை. அம்மாவின் அறையிலும் ஒரு வாசனை இருந்ததே, டெட்டாலும் முகப்பவுடரும் கலந்து, அதற்கு அடியில் அந்த இன்னொன்றும்... வேண்டாம், இப்போது அது எதற்கு, சாப்பிடப் போகிற நேரத்தில். சாப்பாட்டுக் கூடத்தில் முட்டைப் பொரியல் மஞ்சளாகக் குவிந்து கிடந்தது, அதன் மேல் விளக்கு வைத்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு ஆள் ரொட்டியைக் கையால் எடுத்து, அழுத்திப் பார்த்து, பிடிக்காமல் திரும்ப அதே கூடையில் வைத்தான். கோட்டு போட்டிருக்கிறான், டை கட்டியிருக்கிறான், நகத்தடியில் அழுக்கு. இவள் தட்டோடு நின்றவள் நின்றபடியே இருந்தாள். எதைத் தொட்டாலும் எவனோ தொட்டது, தலையணை எவனோ வாய் திறந்து தூங்கியது, கழிப்பறைக் காகிதத்தின் நுனியை வேறு முக்கோணமாக மடித்துவிட்டுப் போகிறார்கள், கூப்பிட்டு வைத்து மரியாதை செய்கிற இடமா அது? எல்லாம் சிரிப்பு, எல்லாம் குனிவு, காப்பி ஊற்றுகிறவன் சிரிக்கிறான், நாற்காலி இழுத்துப் போடுகிறவன் சிரிக்கிறான், இதில் எத்தனை சிரிப்பு நான் சொல்லிக் கொடுத்ததோ, தலையெழுத்து. காப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

தங்கை கூப்பிட்டது அப்போதுதான். திரையில் பெயரைப் பார்த்ததுமே என்ன கேட்கப் போகிறாள் என்று இவளுக்குத் தெரியும், இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருப்பதுதான். அம்மா பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து படுக்கையோடு ஆனதிலிருந்து தங்கை வீட்டில்தான் இருக்கிறாள், தூக்கிப் படுக்க வைப்பதும் புரட்டுவதும் துடைப்பதும் தங்கை ஒருத்திதான், தூக்கித் தூக்கி அவளுக்குக் குடலிறக்கம் வந்துவிட்டது, அறுவைச் சிகிச்சை செய்தே ஆகவேண்டும், அப்புறம் மாதக்கணக்கில் கனமாக எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் அவரிடம் தேதி சொல்ல வேண்டும். அம்மாவை அக்கா வந்து அழைத்துப் போவாளா மாட்டாளா, அது தெரிந்தால்தான் தேதி. இதைத் தங்கை மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள், பின்னணியில் அம்மாவின் குரல் என்னவோ கேட்டது, வார்த்தையாக இல்லாமல். இவள் கேட்டுக்கொண்டிருந்தாள், கேட்டுக்கொண்டிருந்த வாய் தானாகத் திறந்தது. "அம்மாவைத் தூக்கித் தூக்கி உனக்கு முடியாமப் போச்சுன்னு சொல்றே. உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குப் புரியுது..." குரல் தாழ்ந்தது, எவ்வளவு அழகாகத் தாழ்ந்தது, இருபது வருடம் சோறு போட்ட குரல் அல்லவா. பிறகு தங்கை நிதானமாகச் சொன்னாள்:

"நீ அனுப்பின பழக்கூடை வந்துச்சுக்கா. நல்லா இருந்துச்சு. அம்மாவை எப்ப வந்து கூட்டிட்டுப் போறே?"

வகுப்பு இருக்கிறது, மேலே போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று என்னவோ உளறிவிட்டுப் போனை வைத்தாள். எதைப் பார்ப்பதாம்? பார்க்க என்ன இருக்கிறது? ஆமாம், பழக்கூடை அனுப்பினாள்தான், போன வாரம், தங்கை முதல் தடவை வாய்விட்டு அழுத அன்றைக்கு, அதற்கு முந்தின தடவை ஒரு சால்வை, அதற்கும் முன்னால் அம்மாவுக்கு ஒரு நல்ல மெத்தை, நல்ல மெத்தைதான், அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது... லிஃப்டில் அதே வாசனை, மூச்சை அடக்கிக்கொண்டாள். வீட்டில் இடமில்லையா, இருக்கிறது, ஓர் அறை சும்மாத்தான் கிடக்கிறது. வீட்டுக்காரர் வேண்டாம் என்றாரா, அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு நிம்மதி, அந்த மனுஷன் அதையும் செய்யவில்லை, கூட்டிக்கொண்டு வா பார்த்துக்கொள்ளலாம் என்று செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டார். வேலைதான் காரணம், ஊர் ஊராக அலைகிறவள் படுத்த படுக்கையாகக் கிடப்பவளை எப்படிப் பார்த்துக்கொள்வது, கேட்கிறவர்கள் எல்லாரும் பாவம் என்று தலையாட்டுகிறார்கள். போன தடவை போயிருந்தபோது அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தாள், பிடி நல்ல பிடியாகத்தான் இருந்தது, அப்போது திடீரென்று அந்த வாசனை மேலே எழும்பியது, அம்மாவின் கண்ணிலேயே தெரிந்தது, அவளுக்கும் அந்த வாசனை எட்டிவிட்டது. இவள் கையை உருவிக்கொண்டாள். கடைக்குப் போய் டயப்பர் வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டினாள். வீட்டில் டயப்பர் இருந்தது, அலமாரியில் அடுக்கி வைத்திருந்தது, இவள் கண்ணெதிரேதான். தங்கை வெந்நீர் வைக்கப் போனாள். தெருமுனை வரைக்கும் போய் ஒரு மரத்தடியில் நின்று, எல்லாம் முடிந்திருக்கும் என்கிற நேரம் வரைக்கும் நின்று, கையில் இன்னொரு டயப்பர் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள்.

அறைக்குள் வந்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் போனாள். முடி இருந்தது. காய்ந்து, நுனி கொஞ்சம் தூக்கிக்கொண்டு, ராஜாத்தி மாதிரி இருந்தது. இந்த ஓட்டலுக்கு எத்தனை நட்சத்திரம் என்று வாசலில் பித்தளையில் பொறித்து வைத்திருக்கிறார்களே, வந்து பார்க்கட்டும். போனை எடுக்கப் போனாள், அதற்குள் மணி அடித்தது, திறந்தால் வரவேற்பு மேசைப் பெண்ணே நிற்கிறாள், கையில் இன்னொரு பழத்தட்டு, முதலாவதைவிடப் பெரியது, திராட்சைக் கொத்து தொங்குகிறது. முகமெல்லாம் மலர்ச்சி. வகுப்புக்கு முன்னால் ஒரு சந்தேகம் கேட்கலாமா மேடம் என்றாள், உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றாள். "காலையில நீங்க வேணும்னுதானே போன் பண்ணீங்க, எங்களைச் சோதிச்சுப் பார்க்க? நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் செஞ்சேன் மேடம். சரியா இருந்துச்சா?" என்றாள். இவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சோதனையாம். அந்தப் பெண்ணுக்கு முடி என்று ஒன்று இருக்கிறது என்பதே மனதில் ஏறவில்லை, ஏற வேண்டிய தேவையில்லை, பொருளைச் சரிசெய்வது வேறு ஆளின் வேலை, மனசைச் சரிசெய்வதுதான் உங்கள் வேலை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதே இவள்தானே. துப்புரவு ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பிரகாசமான முகத்தைப் பார்த்ததும், ரொம்ப நன்றாகச் செய்தாய் அம்மா என்று சொல்லித் தட்டை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். மேசையில் இரண்டு பழத்தட்டுகள் ஆகிவிட்டன, முதலாவதில் ஆப்பிள் துண்டுகள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன, பார்க்கவே குமட்டியது.

தங்கையிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்து கிடந்தது. கேட்காமல் விட்டுவிடலாமா... வகுப்பு முடிந்து கேட்கலாம், மதியம் ஆகிவிடும், மதியம் ஆனால் தானாக ஒரு முடிவு வந்துவிடும், அவளே வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்வாள், செய்துகொள்ளக்கூடியவள்தான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், நாய் வாந்தி எடுத்தால் வாரிப் போடுவது, அடைத்த சாக்கடையில் கையை விடுவது எல்லாம் அவள்தான், அவளுக்குக் கூசாது, அது ஒரு பிறவி, நான் வேறு பிறவி, அதற்கு யார் என்ன செய்ய முடியும் என்று எத்தனை வருடமாக இதை வைத்தே காலத்தை ஓட்டியாயிற்று. கண்ணாடி முன்னால் நின்று தலைவாரிக்கொண்டே, வாஷ்பேசின் ஓரத்தில் போனை வைத்து, விரலால் தட்டிவிட்டாள்.

"அக்கா, வேலை, வகுப்புன்னு நீ சொல்றதெல்லாம் காரணமே இல்லைன்னு எனக்குத் தெரியும். போன தடவை வந்தப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன். எனக்கு மட்டும் குமட்டாதுன்னு நினைச்சியா? எனக்கும் தினம் குமட்டுது. குமட்டிக்கிட்டேதான் செய்யறேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடு. புரியுதுன்னு மட்டும் சொல்லாதே."

அவ்வளவுதான், செய்தி முடிந்துவிட்டது. திட்டவில்லை, அழவில்லை. சீப்பு இவள் கையிலேயே நின்றுவிட்டது. அவளுக்கும் குமட்டுகிறதா? தினமுமா? அப்படியென்றால் இத்தனை நாள் மூச்சை அடக்கிக்கொண்டு... அம்மா முன்னால் முகத்தைச் சுளிக்காமல்... எங்கே வைத்துக்கொண்டாள் அதை, சாப்பிடும்போது, தூங்கும்போது? பிறவி கிறவி ஒன்றுமில்லை, அவளும் நான்தான், நான் தெருமுனைக்கு ஓடினேன், அவள் ஓடவில்லை. முகம் எரிந்தது. அருவருப்பாக இருந்தது, ஓட்டல் மேல் இல்லை, ரொட்டியை அழுத்திய ஆள் மேல் இல்லை. திரும்பித் தொட்டியைப் பார்த்தாள். காலையிலிருந்து இந்த ஒற்றை முடிக்காக எத்தனை பேர் ஓடியாயிற்று, எத்தனை பழம் நறுக்கியாயிற்று, ஒரு துண்டுக் காகிதத்தால் நானே எடுத்துப் போட்டிருக்கலாமே என்று இந்த நிமிடம் வரைக்கும் தோன்றவில்லையே, சீ, என்ன ஜென்மம் இது. காகிதத்தை இழுத்தாள், முக்கோண நுனி கிழிந்து வந்தது, நான்காக மடித்தாள், அப்புறம் எதற்கோ அதைக் கீழே போட்டுவிட்டு, மண்டியிட்டு, வெறும் விரலால் முடியைப் பிடித்தாள். வழுக்கியது. நகத்தால் சுரண்டினாள், தொண்டை வரைக்கும் ஏறியது, விழுங்கினாள், முடி வந்துவிட்டது. கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்தாள். இவ்வளவுதானா? இவ்வளவுதான்.

குழாயைத் திறந்து கை கழுவினாள். சோப்பு நன்றாக நுரைத்தது, விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் தேய்த்தாள், அலசினாள், திரும்பவும் சோப்பை எடுத்தாள், நாளைக்கே போய் அம்மாவைக் கூட்டி வந்தால் என்ன, வீட்டில் சும்மாக் கிடக்கிற அறையின் ஜன்னலோரம் அந்த மெத்தையைப் போடலாம், முதல் நாள் கஷ்டமாகத்தான் இருக்கும், அப்புறமும் கஷ்டமாகத்தான் இருக்குமாம், தங்கை சொல்கிறாளே... இன்னொரு தடவை சோப்பு. தோல் சுருங்கத் தொடங்கியது. பக்கத்தில் போன் அதிர்ந்து, பளிங்கின் மேல் தானாக நகர்ந்து வந்தது, தங்கையின் பெயர். கை ஈரமாக இருக்கிறது, ஈரக் கையோடு எப்படி எடுப்பது, துடைத்துவிட்டு எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள், நினைத்துக்கொண்டே தண்ணீரில் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். துண்டு அவள் தோளுக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.