இடது டயர்

டயரைத் தடவிப் பார்த்தே வண்டியின் வண்டவாளத்தைச் சொல்லிவிடுவான் ஜெயப்பிரகாஷ். சங்கராபுரத்தில், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் சுப்புராயனின் ரீட்ரெட் கடையில் பதினோரு வருடமாக வேலை. பாரம் அதிகம் ஏற்றினார்களா, காற்றில்லாமல் ஓட்டினார்களா, எல்லாம் அவன் விரலுக்குத் தெரியும். லாரிக்காரர்கள் அவனிடம் பொய் சொல்வதில்லை.

அவன் தங்கை கோகிலவாணிக்கு இரண்டு காலும் சூம்பியவை. அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர பேட்டரி வண்டியில், நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடைக்கு வேலைக்குப் போய்வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை டயர் கேட்டு ரீட்ரெட் கடைக்கு வந்தாள்.

சுப்புராயன் குனிந்து பார்த்தார். "வண்டி வந்து நாலு மாசந்தான ஆச்சு? அதுக்குள்ள மொட்டையாயிடுச்சே. பாப்பா ஊர் சுத்துது போல."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கோகிலவாணியும் சிரித்தாள். அவள் சிரித்ததைத்தான் ஜெயப்பிரகாஷால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி எப்போதும்போல வலது பக்கம் சுவரை ஒட்டி நின்றது. தெருப்பக்கம் தெரிந்த இடது டயரில் ஒரு ரூபாய்க் காசை வைத்துப் பார்த்தான். காசை நிறுத்தப் பள்ளமே இல்லை.

"கடைக்கும் வூட்டுக்கும் ஓடுனா இப்பிடித் தேயாது. எங்கடி போய்க்கினு இருக்க?"

"எங்கயும் போவலண்ணா."

"வெள்ளிமலைக்கு எவனோட போன?"

"இந்த வண்டி பஸ் ஸ்டாண்டு மேட்டுலயே திணறுது. மலை ஏறுமா?"

"டயர் சொல்லுதுடி."

அறைந்தான். வண்டியிலிருந்து விழுந்தாள். "கால் வராதவளுக்கு இன்னாடி ஊர் மேயற கேடு?" என்று கத்தியது தெருக்கோடிவரை கேட்டது. அம்மா சாலம்மாள் வெளியே வந்தாள். மகளைத் தூக்கவில்லை. "மெல்லப் பேசுடா, நாலு பேரு பாக்கறாங்க" என்றாள்.

ஜெயப்பிரகாஷ் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டான்.

"திங்கக்கெழம போவலன்னா வேற ஆள வச்சிருவாங்கண்ணா" என்றாள் கோகிலவாணி, தரையில் கிடந்தபடி.

ஞாயிற்றுக்கிழமை டயரைக் கழற்ற வண்டியை வெளியே இழுத்தான். சுவரோரம் இருந்த பக்கம் வெளிச்சத்துக்கு வந்தது. வலது டயரில் பள்ளங்கள் அப்படியே இருந்தன. காசு பாதிவரை இறங்கியது.

ஊர் சுற்றித் தேய்ந்திருந்தால் இரண்டும் தேய்ந்திருக்கும்.

வண்டியைச் சாய்த்தான். இடது சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை வளைந்திருந்தது. சக்கரம் நேராக உருளாமல், தினமும் எட்டு கிலோமீட்டர் தரையை உரசிக்கொண்டு போயிருக்கிறது. மூன்று மாதத்துக்கு முன் அந்த வண்டியில் மூன்று மூட்டை மரவள்ளிக் கிழங்கை ஏற்றி, வாய்க்கால் கட்டையிலிருந்து இடது சக்கரத்தைத் தடாலென்று பள்ளத்தில் இறக்கியது அவன்தான்.

வளைந்ததை அப்படியே விட அவன் கை கேட்கவில்லை. கழற்றிக் கல்லில் வைத்து அடித்து நிமிர்த்தினான். இரண்டு பக்கமும் புது டயர் மாட்டினான். சுத்தியல் சத்தம் கேட்டுக் கோகிலவாணி தலைக்குக் குளித்தாள். பையை எடுத்து வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு வாசலுக்குத் தவழ்ந்து வந்தாள். கன்னம் இன்னும் வீங்கியிருந்தது.

"சரி பண்ணிட்டியாண்ணா? இன்னா ஆயிருந்துச்சு?"

ஜெயப்பிரகாஷ் சக்கரத்தில் சங்கிலியைக் கோத்து ஜன்னல் கம்பியோடு பூட்டிக்கொண்டிருந்தான். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் ஆவல" என்றான் உரக்க. "நான் சொன்னதுதான். ஓடித்தான் தேஞ்சிருக்கு."

ஜெராக்ஸ் கடையில் வேறு பெண் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. புது டயரில் முள்ளுமுள்ளாக நிற்கும் ரப்பர் முடிகள் பத்து நாள் ஓடினால் உதிர்ந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயப்பிரகாஷ் குனிந்து தடவிப் பார்க்கிறான். ஒன்றுகூட உதிரவில்லை.

போன வாரம் கல்யாணத் தரகர் ராஜாங்கம் வந்திருந்தார். அவரை வண்டியருகே கூட்டிப்போனான்.

"பாத்துக்கோங்க. எங்க பொண்ணு வாசப்படி தாண்டறதில்ல."

ராஜாங்கமும் குனிந்து தடவிப் பார்த்தார்.