பெரிய மணி

அந்த மனிதருக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. அலுவலகத்தில் ரேடியோ என்றுதான் பெயர். ஊர் சுற்றப் போன இடத்தில், வெள்ளைக்காரன் காலத்துத் தேவாலயத்துக்குள் காலை வைத்ததுமே ஆரம்பித்துவிட்டார். தரையில் பதித்த கல்லறைக் கற்களை உரக்கப் படித்து, காய்ச்சலில் செத்த துரைமாருக்கெல்லாம் அனுதாபம் சொன்னார். மனைவிக்குத் தலைவலி. ஈரம் ஊறிய சுவர், வவ்வால் நாற்றம், மெழுகு உறைந்த பலிபீடம். எப்போதடா வெளியே போவோம் என்றிருந்தது அவளுக்கு.

கோபுரத்தின் அடியில் இரண்டு கயிறுகள் தொங்கின. சின்ன மணி பூசைக்கு. பெரிய மணி இந்தக் கோயிலைச் சேர்ந்த பங்கு மக்களில் யாராவது இறந்தால் மட்டும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் இதைப் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் ஜன்னல் சாத்தப் போனார். கேட்டால்தானே! கைப்பேசியை மனைவியிடம் திணித்து, ஒரே ஒரு போட்டோ என்று பெரிய மணியின் கயிற்றைப் பிடித்தார் ரேடியோ. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அதற்கொரு பிரசங்கம் கேட்க வேண்டும். பேசாமல் படம் எடுத்தாள். எடுக்கும்போதே அவர் இழுத்துவிட்டார்.

தலைக்கு மேலே பெரிய மணி கனமாக ஒரு முறை அடித்தது. பெரியவர் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

அவர் திட்டி முடிக்கும் முன்பே வாசலில் ஒரு பெண் நின்றாள். காலில் செருப்பில்லை, தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. எதிர்த்தெருக்காரி, மகன் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், வீட்டுக்குக் குளித்துப் போக வந்திருப்பாள் என்று பெரியவர் முணுமுணுத்தார்.

"ஆஸ்பத்திரியிலேருந்து ஃபாதருக்குப் போன் வந்துச்சாண்ணே?" என்றாள் அவள்.

"ஒண்ணும் வரல தங்கச்சி. வெளியூர்க்காரங்க, தெரியாம இழுத்துட்டாங்க."

ரேடியோ கயிற்றை விட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினார். மனைவி ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டாள், உங்கள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

அவள் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மணி கேட்டப்ப எனக்கு அழுகை வரலம்மா. அப்பாடா, எம்புள்ள பட்ட பாடு முடிஞ்சுதுன்னு இருந்துச்சு" என்றாள். பிறகு கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "இப்ப போனதும் அம்மான்னு கூப்பிடுவான். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவன் முன்னாடி போய் நிப்பேன்?"