துரைசாணிக்குக் காற்று ஆகாது

மரிகோலா தீவுக்கு வரும் புயலுக்கு வருஷாவருஷம் சீமையில் இருந்த காலனி இலாகாதான் உத்தரவு போடும். இந்த வருஷம் தீவுக்குச் சுதந்திரம் என்று முடிவானதும் அந்த இலாகாவை இழுத்து மூடிவிட்டு, வெளிநாட்டு உதவி இலாகா என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். அது மகா சுறுசுறுப்பு. புயல் நிவாரணத் தகரங்களை முதல் கப்பலிலேயே அனுப்பிவிட்டது. புயலுக்கு உத்தரவு போடத்தான் மறந்துபோயிற்று.

தகரம் துறைமுகக் கிடங்கில் அடுக்கடுக்காய்க் கிடந்தது. எதிர்ச் சந்தில் சாலம்மாவின் வீடு சல்லடையாய் ஒழுகியது. மகள் லில்லிக்கு நிறைமாசம். பிறக்கிற பிள்ளையை நனையாமல் கிடத்த ஒரு முழம் இடம் வேண்டும். சாலம்மாவுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அந்த உதவி இலாகாவின் தீவு அதிகாரி பெர்சிவல் வீராசாமி அவளுக்குத் தம்பி முறை. கோட்டு மாட்டியதிலிருந்து முறை சொல்லிக் கூப்பிட்டால் மனுஷனுக்குக் காது கேட்பதில்லை. மழைக்கு ஒழுகுவதெல்லாம் நிவாரணத்தில் சேராது, புயல் பிய்த்த கூரைக்குத்தான் தகரம் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். சரி, புயல் எங்கே என்று கேட்டாள். பவளப்பாறைக்கு அப்பால் பெட்டி படுக்கையோடு நிற்கிறதாம். எந்த இலாகா ஆள் என்று தெரியாமல் எப்படி உள்ளே விடுவது?

சாலம்மா பக்கத்து வீட்டுப் படகை இரவல் வாங்கித் துடுப்புப் போட்டாள்.

அந்த வருஷத்துப் புயலின் பெயர் அகஸ்டா. நல்ல உயரம், சாம்பல் நிறப் பாவாடை. அலைமேல் பெட்டியைப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். நின்று நின்று கால் வீங்கியிருந்தது. சாலம்மாவுக்குப் பார்க்கவே பாவமாய் இருந்தது. அதற்காக வந்த காரியத்தை விடுவாளா?

"துரைசாணியம்மா, என் கூரையை மட்டும் பிய்ச்சுக் குடுங்க. அது போதும்."

உத்தரவு இல்லாமல் ஓர் ஓலையைக்கூடத் தொடமாட்டேன் என்று அகஸ்டா சொல்லிவிட்டாள். வேண்டுமானால் அதிகாரியைப் பார்த்துக் கேட்கலாம் என்றாள். சாலம்மா அவளைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தாள்.

பெர்சிவல் சட்டத்தைப் புரட்டினார். உதவி சம்பந்தமாகக் கடல் தாண்டி வருகிறவர் யாராயிருந்தாலும் நிபுணர். நிபுணர் வேலையில் கைவைக்குமுன் ஒழுகாத வீடு கொடுத்தாக வேண்டும். தீவில் ஒழுகாத வீடு ஏது? கிடங்கைத் திறந்தார்கள். மேட்டுத் தெருப் பங்களாவுக்குத் தகரம் ஏறியது. பிறகு சமையல்கட்டுக்கு, வராந்தாவுக்கு, கோழிக்கூட்டுக்கு. ஒன்றே ஒன்று மிஞ்சியது. அதில் நிபுணரின் பெயர்ப் பலகை செய்தார்கள்.

நானே துடுப்புப் போட்டுக் கூட்டிவந்தேனே என்று சாலம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இனிக் கூரை பிய்ந்தாலும் போடத் தகரம் இல்லை.

சுதந்திர தினத்தன்று கொடி ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. லில்லிக்கு வலி கண்டது. வீட்டில் அடுப்புக்குள்ளேயே தண்ணீர். சாலம்மா மகளைக் குடைக்குள் அணைத்துக்கொண்டு மேட்டுத் தெருவுக்கு நடந்தாள். அகஸ்டா கதவைத் திறந்தாள். கட்டிலைக் காலி செய்து, பெட்டியிலிருந்த உலர்ந்த பாவாடைகளை எல்லாம் எடுத்து விரித்தாள். பெண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தத்தைக் கேட்டதும் பட்ட பாடெல்லாம் சாலம்மாவுக்கு மறந்துபோயிற்று.

கொடியேற்றி முடித்த பெர்சிவல் கோட்டு சொட்டச் சொட்ட ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்.

"அக்கா, நிபுணர் வீட்டில மத்தவங்க தங்கக்கூடாது அக்கா."

அகஸ்டா குழந்தையை மடியில் வாங்கிப் போர்த்திக்கொண்டாள்.

"ஜன்னலைச் சாத்திடு சாலம்மா. பச்சப் புள்ளைக்கும் எனக்கும் காத்து ஆகாது."

சாலம்மாவுக்குத் தம்பி சொன்னது காதில் விழவில்லை. ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.