வெள்ளி ஐந்து மணிக்குள்

மார்ச் 12, புதன்.
பிழை: பன்னிரண்டு பெயர்ப்பட்டைகளின் பின்னால் வெல்க்ரோவின் மெத்துப் பக்கத்தை வைத்துத் தைத்துவிட்டேன். சொரசொரப்புப் பக்கத்தைத் தைத்திருக்க வேண்டும்.
காரணம்: கவனக்குறைவு.
திருத்தம்: எல்லாவற்றையும் பிரித்துத் திரும்பத் தைத்தேன். ஒன்றே முக்கால் மணி நேரம் வீண்.
நாளை: காலை ஆறரைக்கு அம்மா. ஒன்றரைக்குக் கடை. அம்மாவின் போர்வைக்குப் பெயர்.

லக்ஷனா இதை வீட்டுக்குப் போகும் ரயிலில் எழுதினாள். தளவாட நிர்வாகத்தில் டிப்ளோமா படித்த இரண்டரை வருடமும், மாலை வகுப்பு ஆசிரியர் வேலையிடப் பிழைகளை இந்த நான்கு தலைப்பில்தான் எழுதச் சொன்னார். வகுப்பு டிசம்பரில் முடிந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் குறிப்பேட்டை எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள். அவளுக்குக் கை வரவில்லை. 'கவனக்குறைவு' என்ற சொல்லை இன்னொரு முறை பார்த்தாள். அது முழு உண்மை இல்லை என்று தோன்றியது. அடித்து எழுதுவதா என்று யோசித்துவிட்டு, பேனாவை மூடினாள்.

பீச் ரோட்டில், ராணுவச் சாமான்கள் விற்கும் சந்தையின் மாடியில் இருக்கிறது முகம்மது யூசுப்பின் கடை. முன்னால் பூட்ஸ்களும் தண்ணீர்ப் புட்டிகளும் தொங்கும். பின்னால் இரண்டு எம்ப்ராய்டரி இயந்திரங்கள். பச்சைப் பட்டையில் பெயரை அடித்து, பின்பக்கம் வெல்க்ரோ வைத்துத் தைப்பது லக்ஷனாவின் வேலை. சிப்பாயின் சட்டையில் மெத்துப் பக்கம் இருக்கும்; பட்டையில் சொரசொரப்புப் பக்கம் இருந்தால்தான் ஒட்டும். கடையில் சேர்ந்த முதல் நாளே கற்றுக்கொண்ட பாடம் அது.

அன்று காலை யூசுப் ஒரு பட்டையை எடுத்துச் சட்டையில் அழுத்தினார். அது வழுக்கித் தரையில் விழுந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் விழுந்தது.

"என்னம்மா இது? மெத்தும் மெத்தும் எப்படிலா ஒட்டும்?"

"ஸாரி அங்கிள்."

"நோன்பு வாயோட என்னை ஏச வைக்காத. ஏசிட்டு ஒரு வாய் தண்ணி கூட குடிக்க முடியாது." அவர் பன்னிரண்டையும் எண்ணி அவள் முன்னால் வைத்தார். "எட்டு மாசத்துல நீ ஒரு நூல் தப்பா போட்டதில்ல. ஆர்மி லெட்டர் வந்துடுச்சா?"

அவள் தலையாட்டினாள். "வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"எந்த செக்‌ஷன்?"

"லாஜிஸ்டிக்ஸ். கோர்ஸ் முடிச்சா சார்ஜன்ட்."

"அடேங்கப்பா. எனக்கு நீ சல்யூட் அடிக்க வேண்டாம். டிஸ்கவுன்ட் கேக்காம இருந்தா போதும்."

அவள் சிரித்தாள். ஊசிக்கத்தியால் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். யூசுப் பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்து எதையோ அடித்தார். முடிந்ததும் நூலை வெட்டி, ஒரு பட்டையை அவள் மடியில் போட்டார். பச்சையில் கறுப்பு எழுத்து. அவளுடைய பெயர்.

"அப்பா பேரையும் சேர்க்கலாம்னு பாத்தேன். ஏரம்பமூர்த்திக்கு பட்டை பத்தல."

ராணுவ வேலைக்கான நேர்முகத் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கில் கணக்குப்படி இருக்க வேண்டிய சாமான் இல்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். தடுமாறுவோம் என்று பயந்துகொண்டுதான் அவள் போயிருந்தாள். ஆனால் அந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் பேசினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பேசி முடித்தபோது மூவரில் ஒருவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேனா இரண்டு வாரமாக அவள் கண்ணுக்குள்ளேயே கிடந்தது.

யூசுப்பின் கடைக்கு வரும் முன் அவளும் ஒரு கிடங்கில்தான் வேலை பார்த்தாள். காலை எட்டு மணி வேலை. அப்போது அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனவன் தம்பி கஜன். செவ்வாய், வியாழன், சனி. ஏழு மணிக்கு ஊசி குத்தினால் பதினொன்று வரை. போன ஜூலையில் அவன், ஆண்கள் எல்லோரும் இரண்டு வருடம் ராணுவத்தில் கட்டாயம் செய்ய வேண்டிய தேசிய சேவைக்குப் போனான். போவதற்கு முந்தின வாரம் அப்பா சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "இனி லக்ஷனா பாத்துக்குவா." அவள் கிடங்கு வேலையை விட்டாள். அந்த மூன்று நாளும் மதியம் ஒன்றரைக்கு வந்தால் போதும் என்று சொன்ன ஒரே முதலாளி யூசுப்தான்.

புதன் இரவு அவள் புக்கிட் பாத்தோக் வீட்டுக்கு வந்தபோது அப்பா அலுவலகச் சட்டையோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கப்பல் சரக்கு நிறுவனத்தில் எழுத்தர். அறுபத்து நான்கு வயது.

"அப்பா, மேனேஜர்கிட்ட கேட்டீங்களா?" என்றாள் லக்ஷனா. "செவ்வாயும் வியாழனும் மட்டும் அம்மாவை கூட்டிட்டுப் போயிட்டு லேட்டா ஆபீஸ் போனா போதும். சனி நான் வந்துடுவேன்."

அவர் குழம்புக் கரண்டியைத் திரும்பவும் கிண்ணத்தில் வைத்தார். "அடுத்த மாசம் என் கான்ட்ராக்ட் முடியுதும்மா. வருஷா வருஷம் புதுப்பிக்கிறதே அவங்க இஷ்டம். இப்பப் போய் லேட்டா வரேன்னு நின்னா என்ன நினைப்பாங்க?"

"கேக்கவே இல்லையா?"

"நேரம் பாத்து கேக்கலாம்னு..."

"வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்."

"கஜனுக்கு சர்வீஸ் முடிஞ்சு ஓ.ஆர்.டி ஆகட்டும். இன்னும் ஒன்னேகால் வருஷம்தானே? அப்புறம் நீ போ."

"அப்ப திரும்ப அப்ளை பண்ணணும்ப்பா. திரும்ப டெஸ்ட், மெடிக்கல், இன்டர்வியூ. எடுப்பாங்கன்னு என்ன நிச்சயம்?" அவள் குரல் ஏறியது. "அவன் போறப்ப யாரும் நேரம் பாக்கலையே?"

"அவனுக்கு சட்டம்மா. போகலேன்னா ஜெயில். உனக்கு இஷ்டம். ரெண்டும் ஒண்ணா?"

அறைக்குள் மடித்த துணிகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா இராசேஸ்வரியின் கை சற்று நின்றது. பிறகு மறுபடி அடுக்கும் சத்தம் கேட்டது.

லக்ஷனா படுக்கையில் கிடந்து யோசித்தாள். துணைக்கு ஆள் அனுப்பும் தொண்டு அமைப்பு ஒன்றில் பதிவு செய்து நான்கு மாதம் ஆகிறது. வரிசையில் இருக்கிறீர்கள் என்கிறார்கள். அதெல்லாம் சரி. உண்மையிலேயே ராணுவத்துக்குப் போக ஆசையா, இல்லை, வாரத்தில் மூன்று நாள் அந்த டயாலிசிஸ் நாற்காலிப் பக்கத்தில் உட்காருவதிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறேனா? இரண்டும் இருக்கலாம் என்று தோன்றியபோது வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு அவள் எழுந்தபோது அம்மாவின் செருப்பு வாசலில் இல்லை. போர்வைப் பையும் இல்லை.

"பஸ் ஏறிட்டேன்," என்றாள் அம்மா தொலைபேசியில். பின்னால் பேருந்தின் அறிவிப்புக் குரல் கேட்டது. "ஆறு ஸ்டாப்தான். நான் என்ன சின்னப் புள்ளையா? நீ பின்னாலயே ஓடி வராத."

"திரும்பி வர்றப்ப தலை சுத்துமேம்மா."

"உட்கார்ந்து உட்கார்ந்து வரேன். நீ கடைக்குப் போ. ஒரு நாளாச்சும் நேரத்துக்குப் போ."

ஓடிப் போவதா வேண்டாமா என்று லக்ஷனா வாசலில் நின்றாள். போனால் அம்மாவை நம்பவில்லை என்றாகும். நம்பிப் பார்த்தால்? அம்மாவால் முடிந்துவிட்டால்? அந்த எண்ணம் வந்ததும் அவள் செருப்பைக் கழற்றினாள். பதினொன்றுக்குக் கடையில் இருந்தாள். வியாழக்கிழமையில் அவளைக் காலையில் பார்த்த யூசுப் கடிகாரத்தைப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு அழைத்தாள். அம்மா எடுக்கவில்லை. பன்னிரண்டரைக்கும் எடுக்கவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒன்று பத்துக்கு மறுபடி அழைத்தாள்.

"வீட்டுலதான் இருக்கேன்," என்றாள் அம்மா. "கதீஜாகூட பேசிக்கிட்டு வந்தேன். நேரம் போனதே தெரியல."

அடுத்த நாற்காலியில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் கதீஜாவை லக்ஷனாவுக்குத் தெரியும். மகன் கார் வைத்திருக்கிறான். பஸ்ஸில் வரமாட்டாள்.

மாலையில் அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். தலைகூட வாரியிருந்தாள். "பாத்தியா? போனேன், வந்தேன். நீ கையெழுத்துப் போடு."

லக்ஷனா போர்வைப் பையைத் திறந்தாள். செவ்வாய்க்கிழமை செவிலி சொல்லியிருந்தார்: போர்வைகள் மாறிப் போகின்றன, பெயர் தைத்துக் கொண்டுவாருங்கள் என்று. அம்மாவுடையது பழுப்பு நிறம். பைக்குள் இருந்தது நீலக் கட்டம் போட்ட போர்வை.

"அம்மா, இது நம்ம போர்வை இல்ல."

இராசேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "ஆமா... கதீஜாவோடது. கவனிக்கலையே."

"கையைக் காட்டுங்க."

"என்னத்துக்கு?"

லக்ஷனா அவளுடைய முழுக்கைச் சட்டையின் கையை மெதுவாக மேலே ஏற்றினாள். கட்டின் மேல் இன்னொரு கட்டு. கைக்குட்டை. அதில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"பஸ் ஸ்டாப்புல உட்கார்ந்தேன்," என்றாள் அம்மா. "எந்திரிச்சா கண்ணு இருட்டுது. உட்கார்ந்தா சரியாகுது. ஒரு மலாய்க்காரப் பொண்ணு கைக்குட்டை கொடுத்து கட்டிவிட்டுச்சு. அவ்வளவுதான். அப்பாகிட்ட சொல்லாத." பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னும் ரெண்டு தடவ போனா பழகிடும் லக்ஷு."

அன்று குறிப்பேட்டில் அவள் தேதியை மட்டும் எழுதினாள். பிழை என்ற தலைப்புக்குக் கீழே யாருடையதை எழுதுவது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு யூசுப் அவளை லிட்டில் இந்தியாவுக்கு அனுப்பினார். கறுப்பு நூல் பத்து உருளை வாங்க வேண்டும். திரும்பும் வழியில் பள்ளிவாசலில் அவருக்கு நோன்புக் கஞ்சி வாங்க வேண்டும். நூலை வாங்கிக்கொண்டு அவள் கஞ்சி வரிசையில் நின்றபோது மணி நாலு முப்பத்தைந்து. முன்னால் ஐம்பது பேராவது இருப்பார்கள். கட்டட வேலைக்கார இளைஞர்கள், அலுவலகப் பெண்கள், பாத்திரத்தோடு வந்த கிழவர் ஒருவர். வெயில் முதுகில் ஏறியது.

கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். இரண்டு பொத்தான்கள். ஏற்கிறேன். ஏற்கவில்லை.

நாலு நாற்பதுக்கு அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, கேட்டீங்களா?"

மறுமுனையில் தட்டச்சு ஓசை. அப்பா குரலைத் தாழ்த்தினார். "மீட்டிங்ல இருக்கார்மா. காலையில இருந்தே மூட் சரியில்ல."

"சரிப்பா."

"திங்கக்கிழமை கட்டாயம்..."

"சரிப்பா. வச்சிடுறேன்."

வரிசை நகர்ந்தது. பதில் சொல்லாமல் விட்டால் ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும். அப்படி விடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு வேலையை முடிக்காமல் காணாமல் போகிற ஆள் அவள் இல்லை என்று அந்தப் பேனாவைக் கீழே வைத்தவருக்காவது தெரிய வேண்டும். நாலு ஐம்பத்து நான்குக்கு 'ஏற்கவில்லை' என்பதை அழுத்தினாள்.

பக்கம் காரணம் கேட்டது. பட்டியலில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். வேறு வேலை. மேற்படிப்பு. உடல்நலம். சொந்த விருப்பம்.

உடல்நலம் என்பதில் விரல் நின்றது. அது விண்ணப்பித்தவரின் உடல்நலம். அவள் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உடற்தகுதித் தேர்வின் ஓட்டத்தில் அவள் குழுவில் இரண்டாவதாக வந்தாள். பொய் எழுதக் கூடாது. பட்டியலை மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

சொந்த விருப்பம் என்பதை அழுத்தினாள். நன்றி என்று வந்தது.

"எத்தன பாக்கெட் தங்கச்சி?" கஞ்சி ஊற்றுபவர் கரண்டியோடு நின்றார்.

"ஒண்ணு."

"ஒண்ணுக்கா இவ்ளோ நேரம் நின்ன? ரெண்டா எடுத்துக்க. வீட்டுக்கு."

"அம்மா தண்ணியா எதுவும் நிறைய சாப்பிடக் கூடாது," என்றாள் அவள். அவர் புரியாமல் ஒன்றை மட்டும் கட்டிக் கொடுத்தார்.

கடையில் யூசுப் கஞ்சியை வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். "உன் பேர் பட்டைக்கு பின்னால வெல்க்ரோ வைக்கணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"வேணாம் அங்கிள்."

அவர் தலையாட்டிவிட்டு, அவள் வாங்கி வந்த நூலை எண்ணத் தொடங்கினார். பத்தும் சரியாக இருந்தது.

அவள் வீடு சேர்ந்தபோது வாசலில் கஜனின் பூட்ஸ் கிடந்தது. முகாமிலிருந்து வார இறுதிக்கு வந்திருந்தான். சீருடை சலவை இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. அம்மா அவனுக்கு இரண்டாவது முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள், இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு.

"அக்கா, சைன் பண்ணிட்டியா?"

"இல்ல. வேணாம்னு சொல்லிட்டேன்."

அடுப்படியில் கரண்டி நின்றது.

"ஏன்லா? நீ என்னை விட ஃபிட்டு." அவன் வாய் நிறையச் சோறோடு சிரித்தான். "ஒண்ணு பண்ணலாம். நீ எனக்கு பதிலா போ, நான் உனக்கு பதிலா வீட்டுல இருக்கேன். ரெண்டு பேருக்கும் நல்லது."

யாரும் சிரிக்கவில்லை. அவன் அம்மாவின் முதுகையும் அக்காவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஜோக்குலா," என்றான் மெதுவாக.

"தெரியும்டா. சாப்பிடு."

அவள் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து பெயர்ப்பட்டை எட்டிப் பார்த்தது. டயாலிசிஸ் நிலையத்தில் அம்மாவைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. 'லக்ஷனாவோட அம்மா' என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பெயரைப் பார்த்தாலே போர்வை யாருடையது என்று தெரிந்துவிடும். பட்டையை எடுத்து, ஓரத்தில் நீண்டிருந்த ஒரு நூலைக் கடித்துத் துண்டித்துவிட்டு, குறிப்பேட்டின் நடுவில் வைத்து எழுதினாள்.

மார்ச் 14, வெள்ளி.
பிழை: இல்லை.
நாளை: காலை ஆறரைக்கு அம்மா. நீலப் போர்வையைக் கதீஜா அக்காவிடம் கொடுத்து நம்முடையதை வாங்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில் அதில் பெயர்ப்பட்டையைத் தைக்க வேண்டும். ஊசி, கறுப்பு நூல் எடுத்துப் போக வேண்டும். ஒன்றரைக்குக் கடை.