முந்தி வெடித்த டார்பிடோ

1

இந்தக் கதையை நான் யோசித்து உண்டாக்கவில்லை. என் அப்பா சாப்பாட்டு மேசையில் வழக்கமாகச் சொல்லும் ஒரு வேடிக்கையிலிருந்து சுட்டது. அதை எப்படியும் இருநூறு தடவை கேட்டிருப்பேன். அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு என்று அப்பாவும் மாமாவும் காலமான பிறகுதான், ஒரு மத்தியானம் நண்டு உடைத்துக்கொண்டே அம்மா சொன்னாள். சொல்லிவிட்டு, "இத எல்லாம் எழுதி வெக்காத" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரி இப்படித் தொடங்கியது:

வட அட்லாண்டிக்கின் கரிய அலைகளுக்கு மேலே வீராவேசத்தோடு பாய்ந்தது அந்த

(நிறுத்திவிட்டேன். அது பாயவில்லை. ஊர்ந்தது.)

2

அந்த விமானத்துக்கு ஸோர்ட்ஃபிஷ் என்று பெயர். வாள்மீன். பெயரில் இருந்த வேகம் ஆளிடம் கிடையாது. மேலே ஒரு ஜோடி இறக்கை, கீழே ஒரு ஜோடி, நடுவே முட்டுக்கால்களும் கம்பிகளும். உலோக எலும்பின் மேல் துணியைப் போர்த்தி, பசை பூசி விறைப்பாக்கியிருப்பார்கள். கூரையில்லாத குழியில் மூன்று பேர் மழையில் நனைந்துகொண்டு உட்கார வேண்டும். முன்னால் ஓட்டுபவர், நடுவில் வழியும் இலக்கும் பார்ப்பவர், பின்னால் துப்பாக்கிக்காரர். வயிற்றுக்கு அடியில், தண்ணீருக்குள் ஓடிப் போய்க் கப்பலைத் தகர்க்கும் முக்கால் டன் டார்பிடோ. மாலுமிகள் அதை 'மீன்' என்பார்கள். விமானத்தையோ 'பின்னல் பை' என்பார்கள். கடைக்குப் போகும் பெண்கள் கையில் இருக்குமே, எதைத் திணித்தாலும் கொள்ளுமே, அந்தப் பை.

இரண்டாம் உலகப் போரிலேயே அது பழைய சரக்குதான். ஆனால் மெதுவாகப் பறப்பதால் அதற்கு ஓடுதளம் கொஞ்சம் போதும். விமானந்தாங்கிக் கப்பலின் தளம் புயலில் ஏறி இறங்கும்போது வேகமான விமானங்கள் கிளம்பத் தயங்கும். இது கிளம்பிவிடும். திரும்பி வந்து இறங்கியும்விடும். குண்டு பட்டாலும் பல சமயம் துணியில் ஓட்டை போட்டுவிட்டு அந்தப் பக்கம் போய்விடும். ஒட்டுப் போட்டு மறுநாள் அனுப்புவார்கள்.

டார்பிடோ போட வேண்டுமானால் கடலுக்கு மிக அருகே தாழ்ந்து, நேர்கோட்டில், ஆடாமல் அசையாமல் கப்பலை நோக்கி வர வேண்டும். அந்தச் சில வினாடிகள் யார் வேண்டுமானாலும் சுடலாம்.

* இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கிறது என்று அம்மா குறைப்பட்டாள். இருக்கட்டும். இதைச் சொல்லாமல் அடுத்தது புரியாது.

3

இன்னஸ் மாமா கதாபாத்திரமாகச் சரிப்பட்டு வரமாட்டேன் என்கிறார். எழுத ஆரம்பித்தவுடன் சோகமாக ஜன்னலைப் பார்க்கிறார். நிஜத்தில் அவர் ஜன்னலைப் பார்த்தால் துணி காயப் போடலாமா என்று பார்ப்பதற்குத்தான். எங்கள் கடலோர ஊரான கிரெயிலின் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்தியவர். போரின்போது, பின்னல் பையின் நடு இருக்கைக்காரர்.

துப்பாக்கிக்காரரை இரண்டு வரைவுகளில் எழுதிப் பார்த்தேன். ஓயாமல் ஜோக் அடித்தார். எடுத்துவிட்டேன். மன்னியுங்கள் ஐயா.

அது ஒரு மே மாதம். பெரிய ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்றைத் தேடிக் கிளம்பினார்கள். இரு தரப்பிலும் கப்பல்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. 'அந்தப் பக்கம் நம் கப்பல் ஒன்றுகூட இல்லை, எது தெரிந்தாலும் எதிரிதான்' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நம் கப்பல் ஒன்று அங்கேதான் இருக்கிறது என்ற செய்தி, இவர்கள் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்தது.

மேகத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கினார்கள். கீழே ஒரு கப்பல். விமானத்தை ஓட்டிய டென்ஸில் என்பவர், பேசுவதற்கென்று இருந்த ரப்பர்க் குழாய் வழியாகக் கத்தினார்.

"இன்னஸ், அதானா?"

"வேற எது? அதான். விடு!"

"விட்டாச்சு!"

மீன் தண்ணீரைத் தொட்ட கணமே பின்னால் பயங்கரச் சத்தம். ஒரு தூண் உயரத்துக்குத் தண்ணீர். கப்பலுக்கு அடியில் போய், அதன் இரும்பை உணர்ந்து வெடிக்க வேண்டிய புது மாதிரி முனை அது. பிஸ்டல் என்பார்கள். அலை மோதியதிலேயே வெடித்துத் தொலைத்தது.

"சே! வீணாப் போச்சுடா! எந்தக் கழுத மாட்டினான் அந்த பிஸ்டல?"

மாமா கழுதை முதல் பன்றி வரை எல்லா மிருகத்தையும் இழுத்துத் திட்டினார். பதினைந்து வினாடி. பிறகு கப்பலின் பக்கவாட்டைக் கடந்தபோது கீழே பார்த்தார். தளத்தில் ஒருவன் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தான்.

எதிரி தொப்பி ஆட்டமாட்டான்.

மற்ற விமானங்கள் போட்ட மீன்களிலும் சில அப்படியே வெடித்தன. மீதியிலிருந்து கப்பல் வளைந்து நெளிந்து தப்பியது. ஒரு குண்டுகூட அது திருப்பிச் சுடவில்லை.

4

ஐந்து வருடம் கழித்து, போர் முடிந்து, நண்டு கொள்முதலுக்கு ஹல் நகரத்திலிருந்து வந்தவர் வில்ஃப் கார்ஸைட், பின்னாளில் என் அப்பா. நண்டு வாங்கிய நேரத்தைவிட, மாமாவின் தங்கை எல்ஸ்பெத்திடம், அதாவது என் அம்மாவிடம், விலை பேசிய நேரம்தான் அதிகம். மூன்றாம் முறை வந்தபோது கல்யாணம் பேசி முடித்து வீட்டில் விருந்து. பெரியவர்கள் யாரும் இல்லாத வீடு. அண்ணனுக்குத் தங்கை, தங்கைக்கு அண்ணன், அவ்வளவுதான்.

போரில் கப்பல் மாலுமியாக இருந்த வில்ஃப் அன்றைக்குத்தான் அந்த வேடிக்கையை அங்கே முதல்முறை சொன்னார்.

"பாத்தா நம்ம பின்னல் பை. ஆஹா, நம்மளப் பாக்க வந்திருக்காங்கன்னு தொப்பிய எடுத்து ஆட்டுறேன். அவன் பாட்டுக்கு மீன எறக்குறான்! டமார்! என் கை இருக்கே, அது நிக்கவே மாட்டேங்குது. அது பாட்டுக்கு ஆடுது!"

எல்ஸ்பெத் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். "அப்புறம்?"

"அப்புறம் என்ன, உசுரோட உக்காந்து நீ வெச்ச மீன் சூப்ப குடிக்கிறேன். அந்த பிஸ்டல மாட்டின புண்ணியவான் கைய கண்ணுல ஒத்திக்குவேன். மீனப் போட்டவன் மட்டும் கெடைக்கட்டும், மூக்க ஒடைச்சிடுவேன்." பிறகு மாமா பக்கம் திரும்பினார். "நீங்களும் விமானத்துலதான இருந்தீங்க மச்சான்? எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்தான்," என்றார் மாமா. "எல்ஸ்பெத், அந்த உப்ப எடு."

சூப்பில் ஏற்கெனவே உப்பு தூக்கல்.

அன்று கிளம்பும்போது வில்ஃப், "கல்யாணத்துல நீங்கதான் எனக்கு மாப்பிள்ளத் தோழன், மறுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மீனைப் போட்டவர்களில் தானும் ஒருவன் என்று சொன்னால் தங்கையின் கல்யாணம் நின்றுபோகலாம். சொல்லாவிட்டால் ஆயுள் முழுக்க அந்த மனிதர் எதிரே உட்கார்ந்து உப்பு கேட்க வேண்டும். மாமா மூன்று வாரம் தூங்கவில்லை என்றாள் அம்மா.

5

(கதையை இங்கே ஒரு நிமிடம் நிறுத்துகிறேன். நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.)

அந்தப் பிஸ்டல் ஒழுங்காக வேலை செய்திருந்தால் எனக்கு அப்பா இல்லை. அந்தக் கப்பலின் தலைவர் பதறிப்போய்ச் சுடச் சொல்லியிருந்தால் எனக்கு மாமா இல்லை. இந்த வாக்கியத்தை எழுத நானும் இல்லை. முகம் தெரியாத அந்தத் தலைவருக்கு நன்றி. அலைக்கு நன்றி. அவசரக்கார மீனே, உனக்கும் நன்றி.

பிஸ்டலின் கோளாறு அந்தத் தவறால்தான் தெரிந்தது. சாயங்காலமே பழைய மாதிரிக்கு மாற்றினார்கள், மறுபடி பறந்தார்கள், இந்த முறை ஜெர்மன் கப்பலின் மேலேயே போட்டார்கள். மீன் வேலை செய்தது. அந்தக் கப்பலிலும் அப்பா ஆகியிருக்க வேண்டியவர்கள் இருந்தார்கள். என் நன்றி இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிறது. தடுமாறட்டும்.

6

முடிவுகள்.

முதலாவது: கல்யாண மேடையில் மாமா எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் உண்மையை

(இல்லை. நாலு பேர் கூடினால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.)

இரண்டாவது: மாமா கடைசிவரை சொல்லவேயில்லை. (எழுத வசதியான முடிவு. ஆனால் சொன்னார் என்கிறாள் அம்மா.)

மூன்றாவது: மாமா எல்லாவற்றையும் சொல்கிறார். அப்பா அவர் தோளில் கை வைத்து, "விடு மச்சான்" என்கிறார். அன்று விமானத்தில் ஒரு 'விடு', இன்று ஒரு 'விடு'. எழுதியதும் எனக்கே புல்லரித்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். வாழ்க்கை இவ்வளவு அழகாகப் பின்னல் போடாது.

அம்மாவுக்குத் தெரிந்தது இது. கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு, சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா கழுவ, வில்ஃப் துடைக்க, அவள் அடுக்க. வில்ஃப் அதே வேடிக்கையை மறுபடி எடுத்தார். தொப்பி வரைக்கும் வந்துவிட்டார். மாமா தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்:

"நீ எடது கையால ஆட்டின."

வில்ஃப் எந்தக் கை என்று யாரிடமும் சொன்னதே இல்லை.

"எடது கைதான்," என்றார் மாமா மறுபடியும். "வலது கையில ஒரு குவள வெச்சிருந்த. அதுக்கு முந்தி பதினஞ்சு செகண்டு, மீன் வீணாப் போச்சேன்னு திட்டிக்கிட்டே வந்தேன் நான்."

அம்மா கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு, கொல்லைக்குப் போய்க் கொடியில் கிடந்த ஈரத்துணியையெல்லாம் எடுத்தாள். காயாத துணி. எடுத்து முடிந்ததும் ஒவ்வொன்றாக மறுபடி போட்டாள். உள்ளே அப்பா என்ன பதில் சொன்னார் என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளைத் தோழனின் மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஆகவே அப்பா பதிலாகச் சொன்ன அந்த ஒரு வரியை நான் எழுதப்போவதில்லை. கீழே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் எழுதுங்கள்.

"...................................................................."

எதை எழுதினாலும் சரி. ஆனால் அது இங்கே வந்து சேர வேண்டும்: நான் பிறந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில், மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அப்பா அந்த வேடிக்கையைச் சொல்லுவார். தொப்பி வரும் இடத்தில் பேச்சை நிறுத்தி, இடது கையை உயர்த்தி ஆட்டுவார். மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து மாமா, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, பதிலுக்குக் கை ஆட்டுவார்.